இரண்டு வலது கை

ஆகஸ்ட் 4, வெள்ளி

என் பெயர் வெயிலுமுத்து. வயது எழுபத்தொன்று. ஊர் விருதுநகர். இதை நானே எழுதுகிறேன்.

மேலே இருக்கிற நாலு வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. பரவாயில்லை. ஆறின காபியும் நன்றாகத்தான் இருந்தது.

நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு காலையில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. பத்து மாதமாகப் போகிறேன். ஜெசிந்தா டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, தினம் ஏதாவது எழுதுங்கள், ஒரு வரி என்றாலும் சரி என்றார். என்ன எழுத என்று கேட்டேன். அன்றைக்கு என்ன செய்தீர்களோ அதை என்றார்.

செய்தது: பழைய வேட்டியில் இரண்டு தலையணை உறை தைத்தேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

என் வீட்டுக்காரி சண்முகக்கனி எட்டிப் பார்த்து, என்னைப் பற்றி எழுதுகிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குக் கோபித்துக்கொண்டாள். எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாலும் கோபித்திருப்பாள்.

முக்கியமானதை விட்டுவிட்டேன். எங்கள் ஒரே மகள் சந்தனமாரிக்குக் கல்யாணம். செப்டம்பர் 10, ஞாயிறு. அவளுக்கு வயது முப்பத்தொன்பது. ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை தவசிலிங்கம், சிவகாசி அச்சாபீசில் ஃபோர்மேன். முதல் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். பேசும்போது தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்.

கை வலிக்கிறது. மூட்டை தூக்கியபோது கூட இந்த விரல்கள் இப்படி வலித்ததில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நேற்று டீச்சர் நோட்டை வாசித்துவிட்டு, நீங்கள் தையல்காரரா என்று கேட்டார். இல்லை. அதை எழுதுகிறேன்.

நான் பருப்புக் கிட்டங்கியில், குடோன் என்பார்களே அதில், முப்பத்தாறு வருஷம் மூட்டை தூக்கினேன். மூட்டை வாய் பிரிந்துபோனால் கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்து நான்தான் தைப்பேன். மற்றவர்கள் தைத்தால் பருப்பு சிந்தும், நான் தைத்தால் சிந்தாது. அதைப் பார்த்து எனக்கே ஒரு தைரியம் வந்தது. ஒரு தையற்கடைக்காரர் கடையை மூடியபோது அவருடைய கால் மிஷினை வாங்கி, தலையில் வைத்து நானே வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

முதலில் எனக்கு ஒரு அரைக்கால் டிரவுசர் தைத்தேன். ஒரு கால் முழங்காலுக்கு மேலே, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே. மூன்று மாதம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கிட்டங்கியில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மூட்டை தூக்கத் தோளில் போடும் திண்டு தைத்தேன். பழைய போர்வையை எட்டாக மடித்து, குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டு. அடுத்த வாரமே சிரித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று கேட்டார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் நான் தைத்ததுதான். தீபாவளிக்கு ஒரே சீட்டித் துணியில் எனக்குச் சட்டை, கனிக்கு ஜாக்கெட், மாரிக்குப் பாவாடை. மூன்று பேரும் சேர்ந்து தெருவில் போனால், பேண்டு செட்டு போகுதுடா என்பார்கள். மாரி சின்னப் பிள்ளை, அதைக் கேட்டுக் கையை ஆட்டி மேளம் அடித்துக்கொண்டே வருவாள்.

டேப்பில் இருக்கிற எண் அப்போது எனக்குத் தெரியாது. அதனால் ஆளுக்கு ஒரு கயிறு வைத்திருந்தேன். முதல் முடிச்சு தோள், இரண்டாவது மார்பு, மூன்றாவது நீளம். மாரி வளர்கிற பிள்ளை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்குப் புதுக் கயிறு. பழையதைப் பக்கத்தில் பிடித்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கனியிடம் காட்டுவேன். சோறு போட்டது நான் என்பாள் கனி.

ஆகஸ்ட் 7, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. எழுத நேரம் இல்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

கல்யாணத்துக்குத் தைக்க வேண்டியவை. எனக்கு வெள்ளைச் சட்டை. கனிக்கு ஜாக்கெட். தாம்பூலப் பை நூற்றிருபது, மஞ்சள் துணியில், வாயில் நாடா வைத்து. மாப்பிள்ளைக்கு ஒரு டஜன் கைக்குட்டை, ஓரம் மடித்து.

மாரிக்கு ஒன்றும் இல்லை. கல்யாணச் சேலை மாப்பிள்ளை வீட்டில் எடுக்கிறார்கள். ஜாக்கெட்டை மும்தாஜ் கடையில் தைக்கக் கொடுப்பாள். மும்தாஜ் நல்ல பிள்ளை, பஜார் பக்கம் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறது. மாரிக்கு எப்போதும் அங்கேதான்.

அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே கடைத்துணிதான் பிடிக்கும். சில பிள்ளைகள் அப்படி. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

டீச்சர் இன்று ஒரு வேலை கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணில் படுவதை எல்லாம் வாசித்துக்கொண்டு போங்கள் என்றார்.

எத்தனை எழுத்து இந்த ஊரில்! எழுபது வருஷமாக இதற்குள்ளேயே நடந்திருக்கிறேன். இங்கு சைக்கிள் நிறுத்தாதீர். சுத்தமான செக்கு எண்ணெய். வாடகைக்குப் பாத்திரம். ஒரு மின்கம்பத்தில், காணவில்லை, பச்சை நிறக் கிளி என்று எழுதியிருந்தது. அதை நின்று இரண்டு தடவை வாசித்தேன். கிளி கிடைத்ததா என்று தெரியவில்லை.

கிட்டங்கித் தெரு வழியாக வந்தேன். வண்டியில் மைதா மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் இருந்ததையும் வாசித்தேன். நிகர எடை 50 கிலோ.

நூல் வாங்க வேண்டும் என்று கிளம்பியவன், வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

மழை. பை இருபது முடிந்தது.

ஆகஸ்ட் 16, புதன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். செய்ததை எழுதுங்கள் என்றுதான் டீச்சர் சொன்னார்.

அந்தக் காலத்தில் மைதா துணிச் சாக்கில் வரும். தொண்ணூறு கிலோ. காலிச் சாக்கு எங்களுக்குக் கிடைக்கும். நல்ல பருத்தி. நாலு தடவை சவக்காரம் போட்டு வெளுத்தால் மெத்தென்று ஆகிவிடும். ஆனால் அதில் அச்சடித்த நீல எழுத்து போகாது.

மாரி ஐந்தாம் வகுப்பு படித்தபோது, வெள்ளிக்கிழமை கலர் உடுப்பு போட்டு வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அந்தச் சாக்கில் அவளுக்கு ஒரு கவுன் தைத்தேன். கழுத்தில் சுருக்கு, இடுப்பில் பட்டை, கீழே இரண்டு வரிசை ஃபிரில். நீல எழுத்து எனக்கு அழகாகத் தெரிந்தது. கோலத்தில் வரும் புள்ளியும் கோடும் மாதிரி. அதை வீணாக்கக் கூடாது என்று, முதுகின் நடுவில் நேராக வரும்படி துணியை வைத்து வெட்டினேன். கோணாமல் வரவேண்டும் என்று அரை நாள் செலவழித்தேன். கோணவில்லை.

காலையில் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து கழற்றி வைத்தாள். இறுக்கமாக இருக்கிறது என்றாள். பிரித்து இரண்டு விரல் விட்டுத் தைத்தேன். போடவில்லை. ஃபிரில் குத்துகிறது என்றாள். ஃபிரிலை எடுத்தேன். போடவில்லை. சின்னப் பிள்ளை பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் எதைத் தைத்தாலும், எப்பா, கடையில வாங்கித் தாங்க என்பாள்.

அவள் முதுகில் என்ன எழுதியிருந்தது என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. நான் அரை நாள் பார்த்துப் பார்த்து வெட்டிய அதே எழுத்துதான் வண்டி மூட்டையிலும் இருந்தது, எண் மட்டும் வேறு. நிகர எடை 90 கிலோ.

அப்போது அவள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள்.

கனியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தாள். அவளும் படிக்காதவள்தான். பிறகு, அந்தத் தெருவுல அம்புட்டு பிள்ளைகளும் அவளத் தொண்ணூறு தொண்ணூறுன்னு கூப்பிட்டுச்சே, அதுக்கா என்றாள்.

ஆமாம். அப்படிக் கூப்பிட்டார்கள். நான் கூட ஒரு நாள் வாசலில் நின்று, தொண்ணூறு, சாப்பிட வா என்று கூப்பிட்டேன். செல்லப் பெயர் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 19, சனி

சேலை வந்துவிட்டது. மாம்பழ நிறம், அரக்குக் கரை, உடம்பில் வேலைப்பாடு ஒன்றும் இல்லை. தவசிலிங்கமும் அவர் அம்மாவும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாரி விரித்துப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றாள். அவள் வாயிலிருந்து இவ்வளவு வந்தால் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கெட் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு மும்தாஜ் கடைக்குப் போனாள்.

மத்தியானம் நானும் அந்தக் கடைக்குப் போனேன். கொக்கி வேண்டியிருந்தது. மும்தாஜ் மேஜையில் மாரியின் துண்டும், அதன் மேல் அளவு ஜாக்கெட்டும் இருந்தது. தைக்கக் கொடுக்கும்போது அளவுக்கு என்று பொருத்தமான பழைய ஜாக்கெட் ஒன்றைக் கூடவே கொடுப்பது எல்லாருக்கும் பழக்கம்தானே.

ரோஸ் நிற பாப்ளின். மடித்த மடிப்பில் எல்லாம் நிறம் வெளுத்திருந்தது. நான் தைத்தது.

மாரி முதன்முதலில் வேலைக்குப் போன அன்றைக்கு அதைத் தைத்துக் கொடுத்தேன். பதினேழு வருஷம் இருக்கும். சரிப்பா என்று வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு நாளும் போட்டு நான் பார்த்ததில்லை. பழைய துணிக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுப்பவனிடம் போயிருக்கும் என்று நினைத்தேன்.

மும்தாஜ் சொன்னது: "மாரியக்கா பதினொரு வருஷமா இதத்தான் அளவுக்குத் தர்றாங்க, அண்ணாச்சி. இடது தோளு அரை விரல் எறங்கி இருக்கும். முதல்ல தச்சவன் தப்பா வெட்டிட்டான்னு நெனச்சு சரி பண்ணித் தச்சேன். அக்கா போட்டுப் பாத்துட்டு, அதுல இருக்கிற மாதிரியே வேணும்னு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

மாரி நாலாம் வகுப்பில் சுவரிலிருந்து விழுந்து இடது பக்கக் காறை எலும்பு முறிந்தது. கூடியபோது சற்று இறங்கிக் கூடிவிட்டது. சேலை கட்டினால் தெரியாது. தைக்கிறவனுக்குத் தெரியும்.

அது நான் தைத்தது என்றேன். மும்தாஜ் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. பதினொரு வருஷமாக யாருடைய தையலைப் பார்த்துத் தைக்கிறேன் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன் என்று சிரித்தது. நானும் சிரித்தேன். கொக்கியை மறந்து வந்துவிட்டேன். இந்த மாதம் கடைக்குப் போய் நான் எதையும் வாங்கி வந்ததில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மாரி அந்தத் துண்டை என் மிஷின் மேல் வைத்தாள்.

"எப்பா, மும்தாஜுக்கு முகூர்த்த மாசம்னு ஏகப்பட்ட வேலையாம். நீங்க தைக்கிறீங்களா?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் குப்பியைத் தேடுகிற மாதிரி கொல்லைப்புறம் போனேன். எண்ணெய்க் குப்பி மிஷின் மேல்தான் இருந்தது.

ஆகஸ்ட் 23, புதன்

இந்த ஒரு ஜாக்கெட்டை ஒழுங்காகச் செய்ய வேண்டும். கயிறு வேண்டாம் என்று முடிவு செய்தேன். இப்போது எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியும். மும்தாஜ் மாதிரி டேப் வைத்து அளந்து, காகிதத்தில் வரைந்து, அதன்படி வெட்டுவேன்.

மாரியை நிற்க வைத்து அளந்தேன். அளவு ஜாக்கெட் இருக்கே, எதுக்கு டேப் என்றாள். நில்லு என்றேன். கையைத் தூக்கியும் இறக்கியும் சொன்னபடி நின்றாள். மார்பு 34. நீளம் 14. கை நீளம் 9. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதினேன். கனி வாசலில் நின்று, பெரிய ஆபீசரு என்றாள்.

பழைய பேப்பரில் வரைந்து வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் நீல மையில் பெரிதாக எழுதினேன். சந்தனமாரி, முன். சந்தனமாரி, பின். சந்தனமாரி, கை. எழுதிய பிறகு எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ரொம்ப நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 26, சனி

வகுப்பு முடிந்து வந்து துணியை வெட்டினேன். பட்டில் கத்தரி போகிற சத்தம் மைதா சாக்கில் வராது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கை இரண்டும் வலது கை.

எப்படி என்று எழுதுகிறேன். ஜாக்கெட் கையில் முன்பக்கம் குழிவு ஆழமாக இருக்கும், பின்பக்கம் கொஞ்சம் மேடாக இருக்கும். அதனால்தான் வலது கை, இடது கை என்று தனித்தனியாக உண்டு. நான் எப்போதும் துணியை இரண்டாக மடித்து வெட்டுவேன். ஒரே வெட்டில் ஜோடி வந்துவிடும். இந்தத் துண்டில் கரை கையின் ஓரத்தில் வர வேண்டும். மடித்தால் வராது. அதனால் ஒவ்வொரு கையாக வெட்டினேன். இரண்டாவது கைக்குக் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டிருக்க வேண்டும். கவிழ்த்தால் எழுத்து அடியில் போய்விடும். எழுத்து மேலே தெரியும்படியே இரண்டு தடவையும் வைத்தேன். சந்தனமாரி, கை. சந்தனமாரி, கை. இரண்டு தடவையும் வாசித்துவிட்டுத்தான் வெட்டினேன்.

துணியைத் திருப்பிப் போட்டுத் தைக்கலாம் என்றால், கரையில் ஜரிகையின் பின்பக்கம் தெரியும். மிச்சத் துணி விரல் அகலம்தான் இருக்கிறது.

கனி இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். "நாப்பது வருசம் படிக்காம ஒழுங்காத் தச்சீக. இப்ப படிச்சுட்டு ரெண்டு வலது கை உள்ள பொண்ணுக்குத் தச்சிருக்கீக" என்றாள்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பஜாரில் ஏழு கடை ஏறி இறங்கினேன். மாம்பழ நிறம் இருந்தால் கரை இல்லை. அரக்குக் கரை இருந்தால் மாம்பழ நிறம் இல்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஜாக்கெட் எந்த மட்டில் இருக்கிறது என்று மாரி கேட்டாள். கொக்கி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

சேலையின் உள்தலைப்பில் வெட்டிவிடுங்கள், கொசுவத்துக்குள் போவதுதானே என்று கனி சொன்னாள். அது அவர்கள் எடுத்த சேலை. தாலி கட்டுகிற சேலை. அதில் கத்தரி வைக்க நான் யார்?

ஆகஸ்ட் 30, புதன்

மாரியிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். வரவில்லை. அதனால் எழுதினேன். நான் எழுதிய முதல் கடிதம். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மகள் சந்தனமாரிக்கு அப்பா எழுதுவது. உன் ஜாக்கெட்டில் கை இரண்டையும் வலது கையாக வெட்டிவிட்டேன். துணி மிச்சம் இல்லை. கொக்கி கட்டுகிறேன் என்று சொன்னது பொய். மும்தாஜிடம் வேறு பட்டுத் துணி கொடுத்துத் தைத்துக்கொள். இன்னும் பத்து நாள் இருக்கிறது. எனக்கு வருத்தம் இல்லை. மைதா சாக்கில் என்ன எழுதியிருந்தது என்பதை இந்த மாதம்தான் வாசித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்படிக்கு வெயிலுமுத்து.

கனிக்கு வாசித்துக் காட்டினேன். பெத்த மகளுக்கு எதுக்கு உங்க பேரு, அவளுக்குத் தெரியாதா என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாரியின் சாப்பாட்டுப் பையில் தட்டுக்கு அடியில் அவளே வைத்தாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

பகல் முழுக்க ஒரு பையும் தைக்கவில்லை. நாலு தடவை நூல் அறுந்தது.

சாயங்காலம் மாரி வந்து, காலைக் கழுவிவிட்டு, நேராக மிஷினிடம் வந்தாள். கடிதம் கையில் இருந்தது. மதியம் சாப்பிடும்போது வாசித்தாளாம். கூட வேலை செய்கிறவர்கள் யார் எழுதியது என்று கேட்டார்களாம். எங்கப்பா எழுதியது என்று சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பாபினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீரோவிலிருந்து சேலையை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்தலைப்பைப் பிரித்துப் பிடித்தாள்.

"இதுல வெட்டுங்க."

"அவங்க எடுத்த சேலை, தாயி."

"எனக்கு எடுத்த சேலை."

சிவகாசிக்கும் போன் செய்து கேட்டுவிட்டாளாம். சேலை சுற்றி வருமா என்று மட்டும் தவசிலிங்கம் கேட்டிருக்கிறார். ஒரு கொசுவம் குறையும், அவ்வளவுதான் என்றிருக்கிறாள். சரி என்றாராம். அவர் அம்மாவிடம் அவரே சொல்லிக்கொள்கிறாராம்.

தரையில் உட்கார்ந்து, நான் வெட்டிப் போட்ட நூல் பிசிறை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான்தான் கேட்டேன்.

"அன்னைக்கே ஏன் தாயி சொல்லல?"

பொறுக்கின பிசிறை உருட்டிக்கொண்டே சொன்னாள். "சொன்னா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நான் சொன்ன மாதிரி ஆயிரும்லப்பா."

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வரை சுவரில் முதுகைச் சாய்த்தே நின்றாளாம். அதற்குப் பிறகு நான் எதைத் தைத்தாலும், எங்காவது எழுத்து இருக்கிறதா என்று எனக்குத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளாம். நான் பார்த்துவிடுவேனோ என்று பயமாக இருக்குமாம். கடைத்துணி என்றால் அந்தப் பயம் இல்லை. பத்து வயதுப் பிள்ளை இவ்வளவையும் யோசித்திருக்கிறது.

கத்தரிக்குச் சாணை பிடிக்க வேண்டும் என்று சொன்னேன்.

தாராளமாக ஒன்றரைச் சாண் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் அதில் ஒரு விரல் குறைத்து வெட்டினேன். எவ்வளவானாலும் கல்யாணச் சேலை.

செப்டம்பர் 2, சனி

இடது கை வைத்துத் தைத்து முடித்தேன். வகுப்புக்குப் போகவில்லை. டீச்சர் மன்னிக்க வேண்டும்.

மாரி போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். சரியா என்றேன். சரி என்றாள். கழற்றச் சொன்னேன். இருக்கட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே கனிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தாள். பட்டு ஜாக்கெட்டில் தேங்காய் துருவினால் எனக்கு எப்படி இருக்கும்! ஆனால் கழற்று என்று இரண்டாவது தடவை சொல்லவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

என் சட்டை முடிந்தது. இரண்டு பாக்கெட் வைத்தேன். எதற்கு இரண்டு என்றாள் கனி. ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் பேனா.

செப்டம்பர் 8, வெள்ளி

தாம்பூலப் பை நூற்றிருபதும் முடிந்தது. எண்ணிப் பார்த்தால் நூற்றிருபத்தொன்று இருந்தது.

செப்டம்பர் 11, திங்கள்

நேற்று கல்யாணம். நேற்று எழுத முடியவில்லை. இன்று வீட்டில் சத்தமே இல்லை, எழுத வசதியாக இருக்கிறது.

மண்டபத்துக்கு அதிகாலையிலேயே போய்விட்டோம். முகூர்த்தம் ஏழரை மணி. நான் வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழே கால் இருக்கும். கனி வேகமாக வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். சந்தனக் கிண்ணத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடினேன்.

பெண் அறையில் மாரி நின்றுகொண்டிருந்தாள். முழு அலங்காரம். சேலை அவளுக்கு நன்றாகச் சுற்றி வந்திருந்தது. மாலையை எடுத்துப் போட்டுப் பார்ப்போம் என்று யாரோ சொல்ல, அவள் இடது கையைத் தூக்கியிருக்கிறாள். தோளுக்குப் பின்னால் தையல் விட்டுவிட்டது. கட்டை விரல் நீளத்துக்கு. நான் ஒரு விரல் மிச்சம் பிடித்து வெட்டினேன் அல்லவா, அதனால் தையலுக்குள் போதுமான துணி இல்லை. வேறு யார் மேலும் தப்பு இல்லை.

அறையில் ஏழெட்டுப் பெண்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி ஊக்கு எடுத்து நீட்டினாள். முந்தானையை இழுத்து மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றாள் இன்னொருத்தி. மாப்பிள்ளையின் பெரியம்மா, வேறு ஜாக்கெட் இருந்தால் மாற்றிவிடுங்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது என்றார். அந்த அம்மா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாத்திக்கோ தாயி என்றேன்.

மாரி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அதுக்குத்தான எங்கப்பாவக் கூப்பிட்டேன்" என்று அந்தப் பெரியம்மாவிடம் சொன்னாள்.

உடம்பில் போட்ட துணியை அப்படியே வைத்துத் தைக்கக் கூடாது, அதுவும் மணப்பெண்ணுக்கு என்றார் பெரியம்மா. அப்படி ஒரு சொல் இருக்கிறதுதான். மாரி சேலைத் தலைப்பைத் தோளிலிருந்து விலக்கி முன்னால் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

கனி இடுப்பிலிருந்து ஊசியும் மாம்பழ நிற நூலும் எடுத்துக் கொடுத்தாள். இது எப்படி உன்னிடம் என்று கேட்டேன். உங்களை நம்பியா வந்தேன் என்றாள். ஊசியில் நூலையும் அவளே கோத்துக் கொடுத்தாள். என் கையில் சந்தனம் இருந்தது. அதை என் புதுச் சட்டையில் துடைத்தேன்.

குனிந்து பிரிந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்தேன். பட்டு வழுக்கியது. முதல் குத்து தப்பாகப் போனது, எடுத்தேன். வெளியில் மேளம் மாறியது. பெண்ணை அழைத்து வாருங்கள் என்று மணமேடையிலிருந்து குரல் வந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். ஊசி அவள் தோளில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவள் அசையவில்லை.

மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை தவசிலிங்கத்தின் தங்கையே வந்து கதவைத் தட்டினாள்.

"அவசரப்படாமத் தைங்கப்பா" என்றாள் மாரி. "அவுங்க இருப்பாங்க."

மேளம் இன்னும் பலமாகக் கேட்டது. நான் மெதுவாகவே தைத்தேன்.